ஆண்டு விழாவில் வாசிக்கும் சாதனைகளை நம்பலாமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் இருக்கிறோம். மகளை ஆறாம் வகுப்பில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். ஆண்டு விழாவில் அவர்கள் வாசிக்கும் சாதனைகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அங்கே பிள்ளைகளுக்கு உண்மையிலேயே என்ன வாய்ப்பு கிடைக்கும்?

பதில்:

ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர் "எல்லாம் வசூலுக்கான விளம்பரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு நடுத்தரமான மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரங்களில் அந்த ஆண்டறிக்கையை எழுதிக் கொடுப்பது நான்தான். பிரின்சிபால் மேடையில் வாசிப்பார். பள்ளியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்பீர்கள்.

அறிக்கையில் வரும் வரிகள் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் எல்லா வரியும் ஒரே எடை உள்ளவை அல்ல. எது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் நீங்களே எடை போட்டுவிடலாம்.

அபாகஸ், கையெழுத்துப் போட்டி, ஒலிம்பியாட் என்ற பெயரில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். பணம் கட்டி எழுதுகிற பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பதக்கமோ சான்றிதழோ கிடைத்துவிடும். அறிக்கையில் "இத்தனை தங்கம், இத்தனை வெள்ளி" என்று வருவதில் பெரும்பகுதி இதுதான். பள்ளி முழுக்க மைதானத்தில் நின்று சிலம்பம் சுற்றி வாங்கும் 'உலக சாதனை'ச் சான்றிதழும் இந்த வகையில் சேரும். பிள்ளைகள் வெயிலில் நின்று பழகியது உண்மை, அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம் ஆகாது.

அடுத்து, ஃபிளெக்ஸ் போர்டில் வரும் 'மாவட்ட முதலிடம்'. நம் பகுதியில் இதற்கு ஒரு மயக்கம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. அப்படிப்பட்ட இடத்திலிருந்து 2014-ல் ஊத்தங்கரைத் தனியார் பள்ளி மாணவி ஒருவர் பிளஸ் டூவில் 1200-க்கு 1193 எடுத்து மாநில முதலிடம் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் அந்தச் செய்தியைப் பார்த்து நிலத்தை அடமானம் வைத்தாவது பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்த்ததை நான் அறிவேன், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2017-லிருந்து அரசு முதலிடப் பட்டியலே வெளியிடுவதில்லை. இப்போது போர்டில் வரும் இடமெல்லாம் பள்ளிகள் தாங்களே விசாரித்துக் கணக்குப் போட்டுக்கொள்பவை.

நூறு சதவீதத் தேர்ச்சிக்கு வருகிறேன். எங்கள் பள்ளியும் பல வருடங்களில் அதை எடுத்திருக்கிறது. எங்கே எடுத்தாலும் ஒன்று கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், இந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள்? இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த நூறுக்கு மரியாதை கொடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால், சரியாகப் படிக்காத பிள்ளைகளின் கையில் டி.சி. கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு. பதினொன்றாம் வகுப்பையும் விசாரியுங்கள். முன்பு பல பள்ளிகள் பதினொன்றாம் பாடத்தை நடத்தாமலே நேராகப் பன்னிரண்டுக்குப் போனதால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26-லிருந்து அது மறுபடியும் இல்லை. நீட் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். உங்கள் மகள் அந்த வகுப்புக்கு வர இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்றாலும் அந்தப் பள்ளியின் பழக்கம் என்ன என்று இப்போதே தெரிந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்தது. ஒரு தனியார் பள்ளி உங்கள் மகளுக்கு உண்மையில் தரக்கூடிய வாய்ப்பு, அங்கே யாராவது ஒருவர் அக்கறையாக உட்கார்ந்து அவள் பெயரைப் பதிவு செய்து அனுப்புகிறார்களா என்பதில் இருக்கிறது. அரசு நடத்தும் பல தேர்வுகளுக்கும் போட்டிகளுக்கும் பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிக்கென்று இருக்கும் லாகினில் பள்ளிதான் பதிவேற்ற வேண்டும். பள்ளி சும்மா இருந்தால் அப்படி ஒன்று இருந்ததே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

எனக்கு இது நன்றாகத் தெரிய வந்தது தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில். 2022-ல் தொடங்கிய தேர்வு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்விகள். மாநிலம் முழுக்க 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கொடுக்கிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மீதிப் பாதியில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம், சி.பி.எஸ்.இ. பிள்ளைகள்கூட எழுதலாம். செய்தித்தாளில் அறிவிப்பைப் பார்த்த அன்றே பிரின்சிபாலிடம் கொண்டுபோனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் "இவங்கள்லாம் பயாலஜி குரூப், நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைங்க. தமிழ்த் தேர்வுக்கு ஒரு நாளைக் கெடுக்கணுமா மிஸ்?" என்றார். பரீட்சை சனிக்கிழமைதான் சார், ஒரு வகுப்பும் கெடாது என்றேன். பாடமும் போன வருடம் பொதுத்தேர்வுக்கு வரிவரியாகப் படித்ததுதானே. கடைசி நாள் நெருங்கும்வரை அலுவலகத்துக்கு நடந்தேன். ஒருவழியாகச் சரி என்றார்கள்.

எழுத விருப்பமுள்ள பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் சொன்னோம். ஒரு பெண்ணின் அப்பா மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். வேலைச் சட்டையோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். "டீச்சர், இதுக்கு எவ்வளவு கட்டணும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய் என்றேன். அவர் நம்பவில்லை. மகளுக்கு வந்த பதக்கம் ஒவ்வொன்றுக்கும் அதுவரை நூற்றுக்கணக்கில் கட்டியவர். "அப்புறமா வேற ஏதும் கேப்பீங்களா?" என்று இரண்டாம் முறையும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒரு தேர்வு என்றாலே தன் பையிலிருந்து பணம் போகும் விஷயம் என்று அந்த மனிதரை யார் பழக்கியது? நாங்கள்தானே, தனியார் பள்ளிகள்தானே?

மதிய இடைவேளையில் உட்கார்ந்து இலக்கணம், அணி, பாடநூலில் வரும் 'நூல் வெளி'க் குறிப்புகள் என்று திருப்பிப் பார்த்தோம். தேர்வன்று கிருஷ்ணகிரிக்கு டவுன் பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போனேன். முடிவு வந்தபோது அந்தப் பெண்ணின் எண் பட்டியலில் இருந்தது. முதல் தவணைப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் அவள் அப்பா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார், தப்பாக வந்த பணமோ என்று விசாரிக்க. உங்கள் மகள் சம்பாதித்தது என்று சொன்னேன். என் வேலையில் நான் மிகவும் பெருமைப்பட்ட நாள் அது. யார் என்ன சொன்னாலும் அதைத் தயங்காமல் சொல்வேன்.

அந்த வருட ஆண்டறிக்கையில் இதை முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன். மேடையில் வாசிக்கும்போது அபாகஸ் பதக்கங்களுக்கும் கராத்தே பெல்ட்டுக்கும் பின்னால் போய்விட்டது, கைதட்டல் ஓய்ந்த நேரத்தில் ஒரே வரியாக. அதனால்தான் சொல்கிறேன்: அறிக்கையில் எது சத்தமாக வருகிறது என்று பார்க்காதீர்கள். நடுவில் வேகமாகக் கடந்து போகும் வரிகளைக் கவனியுங்கள்.

இதே போல ஒன்று இன்ஸ்பயர் மானக் விருது, பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தருவது. ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகளை இணையத்தில் அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் கணக்குக்கே வரும். தனியார் பள்ளிகளுக்கும் உண்டு. எங்கள் பள்ளியில் ஒரு பையன், காம்பு விட்டுப் பழம் அறுக்கும் அலக்கு ஒன்றை யோசித்து வரைந்தான், மாங்காயின் பால் தோலில் வழிந்து கறை ஆகாமல் இருக்க. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த யோசனை வரும். தேர்வாகவில்லை. ஆனாலும் அறிவியல் ஆசிரியை அடுத்த வருடமும் ஐந்து பேரை உட்கார வைத்து யோசிக்கச் செய்தார். ஆறாம் வகுப்பிலிருந்தே அனுப்பலாம் என்பதால் உங்கள் மகளுக்கும் பொருந்தும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டையும் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துவது, குழந்தைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்வு செய்ய வேண்டும். விளையாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் அணி ஒன்றாவது இருக்கிறதா, பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் நடக்கிறதா, கணக்கு சார் எடுத்துக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். என் நிர்வாகம் படித்தால் பிடிக்காது, ஆனாலும் ஆறாம் வகுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதால் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மகள் இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாளா? அப்படியானால் நன்றாக யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை, வருடம் 12,000 ரூபாய், தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. எங்கள் பள்ளியிலும் லோடு ஏற்றுகிறவர் மகள், கல் குவாரிக்குப் போகிறவர் மகன் என்று ஏழைப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு இதெல்லாம் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், அந்தச் சலுகைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. சேர்க்கும் முன் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன், மனதில் கிடக்கிறது. இதற்கு முன் நான் வேலை செய்த ஒரு பள்ளியில், சேரும்போதே டிகிரி, பி.எட். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வருட நடுவில் வேலையை விட்டுப் போய்விடக் கூடாதாம். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு அழைப்பு வந்தபோது என் சொந்தப் பட்டத்தைக் கேட்டு அலுவலக பெஞ்சில் நாள் கணக்கில் காத்திருந்தேன். கொடுத்தார்கள், வேறு யாரையாவது ஜாமீனாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டு. மே மாதச் சம்பளமும் அங்கே கிடையாது. என்னைப் போல கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள். மேடையில் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதைவிட அவர்கள் காகிதத்தை அவர்களிடமே கொடுத்துவிடலாம். ஆசிரியர்கள் வருடா வருடம் மாறும் பள்ளியில், நான் மேலே சொன்ன பதிவு வேலையை யார் செய்வார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் வாங்கப் போகும்போது அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையைக் கேட்டு, அவர்கள் சொல்லும் தொகையோடு ஒப்பிடுங்கள். போன வருட ஆண்டறிக்கையின் ஒரு பிரதியைக் கேளுங்கள், நல்ல பள்ளி மறுக்காது. அதில் பணம் கட்டி வாங்கிய பதக்கங்களை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். அங்கே படிக்கும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யாராவது உங்கள் தெருவில் இருந்தால், இந்த வருடம் பள்ளியிலிருந்து வெளியே எங்கெல்லாம் கூட்டிப்போனார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் விசாரியுங்கள். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், மகள் பதினொன்றாம் வகுப்பு வரும் வருடம் தமிழ்த் திறனறித் தேர்வு அறிவிப்பு செய்தித்தாளில் வந்ததும் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பதிவேற்ற அவர்களுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.