"நீங்க இல்லாம டீம் ஓடாது!"

அன்புள்ள மேடம்,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் போன மாதம் எனக்கே மேனேஜர் ஆகிவிட்டான். போய்க் கேட்டேன். "நீங்க இல்லாம டீம் ஓடாதும்மா, உங்களை எப்படி நகர்த்துறது?" என்றார் மேலதிகாரி. பெண்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால்தான் மேலே வருவதில்லை என்கிறார்களே, குறை என்னிடம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள்தான் கேட்டுவிட்டீர்களே, அப்புறம் என்ன குறை?

பெண்கள் மேலே போவதைக் கண்ணுக்குத் தெரியாமல் தடுப்பதை 'கண்ணாடிக் கூரை' என்பார்கள். இந்தப் பேச்சு 1978-லிருந்து இருக்கிறது. கேட்டால், தடை எங்கோ உச்சியில் சி.இ.ஓ. நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பெரும்பாலோர் தட்டி நிற்பது முதல் படியிலேயே. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் பெண்களின் முன்னேற்றத்துக்கான லீன்இன் அமைப்பும் அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைப்படி, 100 ஆண்கள் முதன்முறை மேலாளராகும்போது பெண்கள் 2018-ல் 79 பேர், 2024-ல் 81 பேர். எல்லாத் துறையும் சேர்த்த கணக்குதான். ஆனாலும் ஆறு வருடத்தில் இரண்டே பேர்!

பதவி உயர்வு முடிவுசெய்யும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பையனின் பெயர் வந்தது. "டீம் நடத்தினதில்ல, ஆனா பிக்கப் பண்ணிக்குவான்" என்றார் ஒருவர். அடுத்து ஒரு பெண். "டீம் நடத்தினதில்லையே, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்." சொன்னது அதே ஆள். இரண்டுக்கும் நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

அந்த 'நீங்க இல்லாம ஓடாது' விஷயத்துக்கு வருகிறேன். மீட்டிங்கில் நோட்ஸ் எடுப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, சண்டை வந்தால் சமாதானம் பேசுவது. இதற்கெல்லாம் அப்ரைசல் படிவத்தில் இடமே கிடையாது. பொருளியலாளர் லிண்டா பாப்காக் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், யாராவது ஒருவர் செய்தே ஆகவேண்டிய, செய்பவருக்குப் பெரிய லாபமில்லாத வேலைக்குப் பெண்களே அதிகம் கைதூக்கினார்கள். கேட்டவர் ஆணோ பெண்ணோ, பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் என்ன ஆனது தெரியுமா? பெண்கள் மட்டும் இருந்த குழுவில் கைதூக்கிய அளவுக்கு அவர்களும் தூக்கினார்கள்! பக்கத்தில் ஒரு பெண் இருந்தால்தான் காத்திருக்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வேலையை ஒருவருக்குப் பழக்குங்கள். "மூன்று மாதத்தில் இவர் தயார், அதன்பின் என்னைப் பரிசீலிப்பீர்களா?" என்று மெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால் வெளியே இன்டர்வியூ கொடுக்க ஆரம்பியுங்கள். நான் அதற்கு நான்கு வருடம் யோசித்தேன்.