நபருக்கு 4,999 ராண்ட் என்றால் குடும்பத்துக்கு எவ்வளவு? – நுகர்வோர் கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் விடுமுறைக்குத் திட்டம் போடும் காலம் வந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கப்பல் பயணம், விடுமுறைப் பேக்கேஜ் பற்றியவைதான்.

கேள்வி: "டர்பனிலிருந்து மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவுக்கு மூன்று இரவு கப்பல் பயணம், நபருக்கு 4,999 ராண்ட் முதல், பிள்ளைகளுக்கு இலவசம்" என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். நான், என் கணவர், 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். பெரியவர்கள் மூவருக்கு 15,000 ராண்ட் ஆகும் என்று நினைத்துப் போனால், ஏஜென்ட் கிட்டத்தட்ட 31,000 கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? — சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: ஏமாற்று வேலையாக இருக்க வேண்டும் என்பதில்லை அம்மா. கப்பல் விலை சொல்லும் முறையே அப்படித்தான். ஆனால் அந்த 31,000-ஐ ஏஜென்ட் உங்களுக்குப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டாததுதான் தப்பு.

விளம்பரத்தில் வரும் விலை, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. "முதல்" என்ற சொல் இருந்தால், அது ஜன்னல் இல்லாத உள் கேபினுக்கு, ஆள் குறைவாக ஏறும் ஏதோ ஒரு தேதிக்கு உரிய விலை. பிள்ளைகளுக்கு இலவசம் என்பது பெரும்பாலும் இரண்டு பெரியவர்களோடு ஒரே கேபினில் தங்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அப்போதும் துறைமுகக் கட்டணம் தலைக்குத் தலை உண்டு.

உங்கள் வீட்டுக் கணக்கில் சிக்கல் மாமியாரிடம் இருக்கிறது. வழக்கமாக ஒரு கேபினில் நான்கு பேருக்கு மேல் விடமாட்டார்கள், ஆகவே உங்களுக்கு இரண்டு கேபின் வேண்டும். மாமியார் தனியாக ஒரு கேபின் எடுத்தால் பல கப்பல்களில் இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். எளிதாக இருக்கட்டும் என்று நபருக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் 10,000, பிள்ளைகள் இலவசம், மாமியார் 10,000, ஆக 20,000. துறைமுகக் கட்டணமும் காப்பீடும் ஆளுக்கு 1,500 என்றால் ஐந்து பேருக்கு 7,500. பணியாளர் சேவைக் கட்டணம் ஆளுக்கு, இரவுக்கு 200 என்றால் 3,000. மொத்தம் 30,500. இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள்தான், ஆனாலும் ஏஜென்ட் சொன்ன தொகை எப்படி வந்திருக்கும் என்று இப்போது புரிகிறதல்லவா?

இதில் நீங்கள் பேரம் பேசக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளையைப் பாட்டியோடு தங்கவைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு இலவசம் போய்விடும், ஆனால் பாட்டியின் இரட்டைக் கட்டணமும் போய்விடும். மொத்தம் அதே 20,000தான், நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கேபினில் படுக்க வேண்டியதில்லை. வயதானவர் இரவில் தனியாக இருக்கவும் வேண்டாம். மாறாக, தனி ஆளுக்குப் பாதிக் கட்டணம்தான் கூடுதல் என்று ஏதாவது சலுகை இருந்தால், மாமியார் தனியாகத் தங்குவது 2,500 மலிவு. இரண்டு விதமாகவும் எழுத்தில் விலை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்று, எந்தக் கேபின் என்பதைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் வகை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். உங்களுக்கு அது வேண்டாம். இரண்டு கேபினும் இரண்டு மாடியில் விழுந்துவிட்டால் மாமியார்தான் கஷ்டப்படுவார்.

ஏஜென்டிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: 4,999 ராண்ட் விலை எந்தத் தேதியில், எந்தக் கேபினுக்கு இருக்கிறது? பதில் சொல்ல முடியாமல் மழுப்பினால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத விலையைக் காட்டி ஆளைக் கடைக்குள் இழுப்பதை நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 30-ஆம் பிரிவில் தடுக்கிறது.

தேதியைக் கொஞ்சம் தள்ள முடியுமானால் பணம் மிச்சமாகும். டர்பனிலிருந்து கப்பல்கள் கோடையில், ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓடுகின்றன. பள்ளி மூடியிருக்கும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை விலை உச்சத்தில் இருக்கும். பள்ளி திறந்த பிறகு இறங்கும். பிப்ரவரி வார நாள் பயணங்கள் பெரும்பாலும் மலிவு, ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், தைப்பூசக் காவடியும் விரதமும் அந்தச் சமயத்தில்தான் வரும். ஈஸ்டர் வார இறுதியைப் பார்க்கலாம் என்றால் இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் திருவிழா. வீட்டுக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மாமியார் சைவம் என்றால் அதையும் புக்கிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள், கப்பலில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: மாலில் ஒரு மேசை போட்டுச் சக்கரம் சுற்றச் சொன்னார்கள். "மூன்று இரவு விடுமுறை ஜெயித்துவிட்டீர்கள், கணவரோடு சனிக்கிழமை வாருங்கள்" என்றார்கள். போனோம். மூன்று மணி நேரம் பேசிப் பேசி, கடைசியில் ஒரு விடுமுறைக் கிளப்பில் சேர்த்து, டெபாசிட்டும் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. — ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

விற்பவர் தாமாக உங்களை அணுகி விற்றிருந்தால், ஒப்பந்தத்தை 5 வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அது. காரணம் சொல்ல வேண்டாம், அபராதமும் கிடையாது. நோட்டீஸ் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அவர்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள் கணக்கில் வராது. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டவருக்கு, இடையில் அரசு விடுமுறை வராவிட்டால், அடுத்த வெள்ளி வரை நேரம் இருக்கிறது.

தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். "பொறுங்கள் மேடம், எங்கள் மேனேஜர் கூப்பிடுவார்" என்று ஐந்து நாளையும் ஓட்டிவிடுவார்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒப்பந்த எண், கையெழுத்துப் போட்ட தேதி, 16-ஆம் பிரிவின்படி ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு, இவ்வளவு போதும். மாதாமாதம் பணம் எடுக்க டெபிட் ஆர்டர் போட்டிருந்தால் வங்கிக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

"ஜெயித்த" பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் சொல்லாத நிபந்தனையைப் பிறகு காட்டி, பரிசு வேண்டுமென்றால் இதற்குப் பணம் கட்டு, அதற்குப் பணம் கட்டு என்பதையும் அதே சட்டம் 36-ஆம் பிரிவில் தடுக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால், பரிசு கொடுக்கக் கூப்பிடவில்லை, இருவர் கையெழுத்தும் வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்டு, எழுந்து போகக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். எழுந்து வந்துவிடலாம், தப்பே இல்லை.

கேள்வி: ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். முதல் முறையாகத் தமிழ்நாடு போகிறோம். "10 நாளில் 45 கோயில்" என்று ஒரு பேக்கேஜ், இன்னொன்றில் அதே 10 நாளுக்கு 20 கோயில்தான், ஆனால் விலை அதிகம். முதலாவதே லாபம் இல்லையா? — வெருலம் வாசகர்

பதில்: ஐயா, முதலாவதை வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்களில் பகல் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். இங்கே நம் கோயில்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியாது, பேக்கேஜ் விற்பவர்களும் சொல்வதில்லை. ஆகவே ஒரு நாளில் தரிசனத்துக்குக் காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு நேரம்தான் கிடைக்கும். இப்போது பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். "காலை தஞ்சாவூர் பெரிய கோயில், பகல் 1 மணி கும்பகோணத்தில் நான்கு கோயில்" என்று எழுதியிருந்தால், அந்த நான்கையும் நீங்கள் மூடிய கதவாகத்தான் பார்ப்பீர்கள். பணம் என்னவோ 45 கோயிலுக்கு.

தூரத்தையும் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் காலைச் சாப்பாடு, மதுரையில் மாலைத் தரிசனம் என்றால் நாள் முழுக்க வண்டிக்குள்தான். உங்கள் வயதில் அப்படிப் போய் இறங்கி, மீனாட்சியம்மன் கோயில் வரிசையில் நிற்கத் தெம்பு இருக்குமா? ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட அரை நாளை ஒதுக்கச் சொல்லுங்கள். பழனி பட்டியலில் இருந்தால் மலைக்கு விஞ்சிலா, ரோப் காரிலா, படியிலா என்று கேளுங்கள். பராமரிப்புக்காக ரோப் காரை ஆண்டுதோறும் சில வாரம் நிறுத்துவார்கள். மார்கழியில் போவதென்றால், வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஸ்ரீரங்கத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதையும் யோசித்து நாள் குறியுங்கள்.

20 கோயில் பேக்கேஜ்காரரிடமும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டாம். சிறப்புத் தரிசனச் சீட்டு யார் செலவு, டிரைவர் பேட்டா யார் கொடுப்பது, ஹோட்டலில் லிஃப்ட் இருக்கிறதா, ஹோட்டல் பெயரை எழுதிக் கொடுப்பாரா அல்லது "அதற்கு இணையான ஹோட்டல்" என்று விட்டுவிடுவாரா, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் இடையில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள், மலிவுப் பேக்கேஜ்கள் மிச்சம் பிடிப்பது அங்கேதான். ராண்ட் விலை எந்த நாள் வரை மாறாது என்பதும் முக்கியம். டெபாசிட் வாங்கிக்கொண்டு, டிக்கெட் போடும் அன்று டாலர் ஏறிவிட்டது என்று கூடுதலாகக் கேட்கும் பழக்கம் இருக்கிறது.

கேள்வி: மொரீஷியஸ் பேக்கேஜ் புக் செய்திருந்தோம். புறப்பட மூன்று வாரம் இருக்கையில் எங்களோடு வர வேண்டிய அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். நானும் மனைவியும்கூடப் போகவில்லை. "பணம் திரும்ப வராது என்று நிபந்தனையில் இருக்கிறது" என்கிறார்கள். — டோங்காட் வாசகர்

பதில்: அம்மா சீக்கிரம் தேறி வரட்டும். அவருடைய பங்கை விடாமல் கேளுங்கள். முன்பதிவு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வர முடியாமல் போனாலோ ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனைக் கடிதத்தை இணைத்து எழுதுங்கள்.

உங்கள் பங்கும் மனைவியின் பங்கும் வேறு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் நின்றுவிட்டீர்கள், ஆனால் சட்டத்தின் அந்த வரி நோயாளிக்கு மட்டும்தான். உங்கள் இருவருக்கும் நியாயமான ரத்துக் கட்டணம் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். எவ்வளவு நாள் முன்னால் சொன்னீர்கள், அந்த இடத்தை இன்னொருவருக்கு விற்க வாய்ப்பு இருந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் நியாயம் எது என்று முடிவாகும். மூன்று வாரம் முன்னாலேயே சொன்னவரிடம் முழுத் தொகையையும் வைத்துக்கொள்வது நியாயம் என்று எனக்குப் படவில்லை. அப்படி எழுதிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 20,000 ராண்ட் வரையான தொகைக்குச் சிறு உரிமைகோரல் நீதிமன்றமும் இருக்கிறது, அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் பயணக் காப்பீட்டை டெபாசிட் கட்டும் அன்றே எடுங்கள். புறப்படும் வாரத்தில் எடுத்தால், அதற்கு முன்பே நோய் வந்து பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் அது உதவாது. சர்க்கரை, பிரஷர், இதய நோய் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டில் வயது வரம்பும் பழைய நோய்களுக்கான விலக்கும் பெரும்பாலும் இருக்கும், படித்துப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: காற்று பலமாக இருக்கிறது என்று போர்ச்சுகீஸ் தீவில் இறக்கிவிடவே இல்லை. கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பினோம். பணம் கேட்கலாமா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: முழுப் பணமும் வராது. அந்தத் தீவில் கப்பல் கரை அணைய முடியாது, சிறு படகில்தான் இறக்க வேண்டும். அலை இருந்தால் இறக்கக் கூடாது, அது உங்கள் உயிருக்காகத்தான். பாதையை மாற்றும் உரிமையை எல்லா நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும். தீவில் நடக்காமல் போன சுற்றுலாவுக்குத் தனியாகக் கட்டிய பணத்தையும், தொடாத துறைக்குக் கட்டணம் வாங்கியிருந்தால் அதையும் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் பேக்கேஜ் வாங்கினால் 7 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார்களே? பணம் இ.எஃப்.டி. (வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவது) செய்தால் 5 சதவீதம் தள்ளுபடியும் தருகிறார்கள். — லெனேசியா வாசகர்

பதில்: அந்த 7 நாள் சலுகை 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு என்று வாங்கும் தங்குமிடம், போக்குவரத்து, பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அது பொருந்தாது. பட்டனை அழுத்திய பிறகு ரத்து செய்தால், மேலே சொன்னபடி நியாயமான ரத்துக் கட்டணத்தை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம்.

தள்ளுபடிக்காக இ.எஃப்.டி. செய்யாதீர்கள். கார்டில் கட்டிய பணத்தை, சேவை கிடைக்காதபோது வங்கி மூலம் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. இ.எஃப்.டி. போனால் போனதுதான். வேறு வழியில்லை என்றால், கணக்கு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறதா என்று உங்கள் வங்கியின் கணக்குச் சரிபார்ப்பு வசதியில் பாருங்கள், ஏஜென்ட், ஆசாட்டா (ASATA) என்ற பயண ஏஜென்ட்கள் சங்கத்தின் உறுப்பினர்தானா என்று அந்தச் சங்கத்திடமே கேளுங்கள். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.