அறிவியல் விழாவில் மிருதங்கத்துக்கு என்ன வேலை?

கேள்வி: அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த அறிவியல் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். மேடையில் அணுவைப் பற்றி ஒரு நாட்டியம், கோள்களைப் பற்றி ஒரு வில்லுப்பாட்டு, மரபணுவைப் பற்றி ஒரு நாடகம் என்று பொழுது போயிற்று. சோதனைக் கருவிகள் வைத்திருந்த அரங்கில் கூட்டமே இல்லை. வாழ்நாள் முழுவதும் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: அறிவியலை அறிவியலாகவே சொன்னால் மக்கள் கேட்க மாட்டார்களா? ஆட்டமும் பாட்டும் சேர்த்தால்தான் இறங்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சோதனை அரங்கில் கூட்டம் இல்லை என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்கான பழியை ஆட்டத்தின் மீதும் பாட்டின் மீதும் போட்டுவிட்டு, கலையை வெளியேற்றினால் அறிவியல் தானாக நிமிர்ந்து நின்றுவிடும் என்று நீங்கள் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கற்பித்த இயற்பியலின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

எர்ன்ஸ்ட் கிளாட்னியை நீங்கள் அறிவீர்கள். சட்டம் படித்த அந்த ஜெர்மானியர், உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தார். தகடு அதிராத இடங்களில் மணல் ஒதுங்கி, கோடுகளும் நட்சத்திரங்களுமாகக் கோலமிட்டது. 1787-இல் இதை நூலாக வெளியிட்ட அவர், அதன் பிறகு ஐரோப்பிய நகரங்களில் மக்கள் முன்னிலையில் இதைச் செய்து காட்டியும், தாமே உருவாக்கிய இசைக் கருவிகளை வாசித்துக் காட்டியும் பிழைத்தார். அது இசை நிகழ்ச்சியா, இயற்பியல் விளக்கமா என்று பார்த்தவர்கள் பிரித்துக் கேட்டிருக்க மாட்டார்கள். 1809-இல் அதை நெப்போலியன் பார்த்தார். மணல் ஏன் இப்படி ஒதுங்குகிறது என்பதற்குக் கணித விளக்கம் தருபவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. பெண் என்பதால் உயர்கல்வி நிலையத்துக்குள் நுழைய முடியாமல் வீட்டிலிருந்தபடியே கணிதம் கற்ற சோஃபி ஜெர்மைன், தம் மூன்றாம் முயற்சியில், 1816-இல் அந்தப் பரிசை வென்றார். வளைந்த பொருள் பழைய வடிவத்துக்குத் திரும்பும் மீள்தன்மை பற்றிய கோட்பாட்டின் தொடக்கப் படிகளில் ஒன்று இப்படி ஒரு பொதுக்காட்சியிலிருந்து பிறந்தது. அந்தக் காட்சி தன் அழகாலேயே ஒரு கேள்வியை எழுப்பியது. கேள்வியை எடுத்துக்கொண்டு போக ஆள் இருந்தது. ஒரு விழா சரியானதா என்று பார்க்க எனக்கு இந்த இரண்டும் போதும்.

இனி உங்கள் ஊருக்கு அருகிலேயே வருவோம். வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்றுச் செல்கின்றன என்பதை நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். முழு எண் மடங்குகளாக இல்லாததால்தான் பெரும்பாலான தோற்கருவிகளில் ஓசை உண்டு, சுருதி இல்லை. மிருதங்கம் எப்படித் தம்புராவோடு சேர்ந்து நிற்கிறது? 1920-இல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் இணைந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் இதற்கு விடை கூறினார். 1934-இல் விரிவான ஆய்வாகவும் வெளியிட்டார். மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவே இருக்கும் கருஞ்சோறு என்ற கரிய பூச்சு தோலின் எடையை நடுவில் கூட்டி, அதன் ஒன்பது அதிர்வு முறைகளை ஐந்து சுரங்களாகத் தொகுத்து, அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதை நிறுவ ராமனும் தோலின் மேல் நுண்மணலைத் தூவித்தான் பார்த்தார்.

இதை ஒரு விழா மேடையில் கற்பனை செய்து பாருங்கள். வித்வான் முதலில் தோலைத் தடையின்றி அதிரவிட்டு ‘தீம்’ என்கிறார். அடிப்படைச் சுரம் எழுகிறது. அடுத்து மோதிர விரலைச் சோற்றின் ஓரத்தில் மெல்லத் தொட்டபடி வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்புத் தோலான மீட்டில் அடித்து ‘நம்’ என்கிறார். விரல் தொட்ட இடம் அதிர முடியாததால் அடிப்படைச் சுரம் அடங்கி, அதற்கு மேலான சுரம் தெளிவாகக் கேட்கிறது. அதிராத இடங்களை இணைக்கும் கணுக்கோடு என்று நீங்கள் கரும்பலகையில் வரைந்ததை அவர் விரல் நுனியில் வைத்திருக்கிறார். மேடையில் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, தோலின் மேல் மணல் நகர்வதைக் கூட்டம் காணும்படி செய்தால், கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையும் இரண்டு அடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலும் காதாலும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளும். இதில் எந்த இடத்தில் அறிவியல் முடிந்து கலை தொடங்குகிறது என்று உங்களால் கோடு போட முடியுமா?

வித்வானும் அறிவியலை விளக்குபவரும் போக, அந்த மேடையில் மூன்றாவதாக ஒருவரும் உட்கார வேண்டும். கிட்டான்கல் என்ற கனிமக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து, மறுபடி தடவி, ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று காதால் முடிவு செய்பவர் மிருதங்கம் செய்யும் தொழிலாளி. ராமன் விளக்கிய ஒழுங்கை முதலில் கண்டடைந்தவர்கள் இந்தத் தொழிலாளியின் முன்னோர்கள். தோலோடு பழகும் தொழில் என்பதற்காகவே சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். இன்றும் கச்சேரி அறிவிப்பில் வித்வானின் பெயர் இருக்கும், கருவி செய்தவரின் பெயர் இருக்காது. அறிவியலையும் கலையையும் இணைக்கிறோம் என்று அறிவிக்கும் ஒரு விழா, இவ்விரண்டையும் ஒரே கையில் வைத்திருப்பவரை அழைக்காமல் நடக்கிறது என்றால், அது எனக்கு நாட்டியத்தைவிடப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

“அறிவியலை அறிவியலாகவே சொன்னால் போதாதா?” என்ற உங்கள் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு, பதினெட்டு ஆண்டுகள் நூல்களும் வகுப்புகளும் சொற்பொழிவுகளுமாகப் பணியாற்றிய பிறகு, 1980-இல் நாடகத்தையும் பாட்டையும் கையில் எடுத்துக் கலைப்பயணம் புறப்பட்டது. அதே 1980-இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பின்னர் அந்த வடிவத்தைத் தமிழாக்கிக்கொண்டது. 1987-இல் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து பாரத ஜன விஞ்ஞான ஜாதா (இந்திய மக்கள் அறிவியல் பயணம்) என்ற பெயரில் குழுக்கள் புறப்பட்டு, வழியெங்கும் தெருமுனைகளிலும் பள்ளித் திடல்களிலும் சந்தைகளிலும் நிகழ்ச்சி நடத்தி, ராமனின் பிறந்தநாளான நவம்பர் 7 அன்று போபாலில் வந்து சேர்ந்தன. 1981-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் பாதிக்கும் குறைவாக இருந்த நாடு இது. அச்சிட்ட தாளும் மேடைச் சொற்பொழிவும் மட்டுமே அறிவியல் என்று அவர்கள் இருந்திருந்தால், மக்களில் பெரும்பகுதியினரின் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள்.

பயணம் போபாலில் முடிந்தது தற்செயல் அன்று. 1984 டிசம்பர் 2 இரவு, அங்கிருந்த பூச்சிக்கொல்லி ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் சுமார் நாற்பது டன் மீத்தைல் ஐசோசயனேட்டுக்குள் தண்ணீர் புகுந்து, நச்சுவாயு ஊருக்குள் பரவியது. வெப்பத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய குளிரூட்டும் அமைப்பு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வேதியியல் அறிந்த ஒருவர் இதை இரண்டு சமன்பாடுகளில் எழுதிவிடலாம். ஆலையின் மதிலுக்கு அப்பால் குடியிருந்தவர்களுக்கு அந்தச் சமன்பாட்டை அறியும் உரிமை இருந்ததா, அதை அவர்களுக்குச் சொல்லும் கடமை யாருக்கு இருந்தது என்ற கேள்விகளை ஒரு தெரு நாடகம் கேட்கலாம், பாடநூல் கேட்டதில்லை.

அந்தக் கலைப்பயணங்களின் எல்லாப் படைப்புகளையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. சில நாடகங்கள் முடிவை முதலிலேயே முழக்கமாகச் சொல்லிவிட்டு, பார்ப்பவரிடம் தலையாட்டலை மட்டும் எதிர்பார்த்தன. ஆனால் நாடகம் முடிந்ததும் நடிகர்கள் அதே கூட்டத்துக்கு நடுவே நின்று பேசினார்கள், சிறு வெளியீடுகளைக் கையில் கொடுத்தார்கள், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள். நீங்கள் கண்ட விழாவில் விடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

எனவே நீங்கள் குறிப்பிட்ட அணு நாட்டியத்தைக் காப்பாற்ற நான் முன்வரவில்லை. எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றி வட்டமிட்டு ஓடுவதுபோல் ஆறு பெண்கள் சுற்றிவந்திருந்தால், அறிவியல் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் கைவிட்ட ஒரு படத்தை அந்த மேடை பிள்ளைகளின் மனத்தில் மறுபடி பதித்திருக்கிறது. மரபணு நாடகத்தின் பின்திரையையும் பார்த்திருப்பீர்கள். உயிரணுக்களில் வழக்கமாகக் காணப்படும் டி.என்.ஏ. வலப்புறமாக முறுக்கிய ஏணி. அழகுக்காகப் படத்தைப் புரட்டிப் போட்டு இடமுறுக்காக அச்சிட்ட சுவரொட்டிகளை எத்தனையோ அறிவியல் நிகழ்ச்சிகளில் காணலாம். வரைந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாம் முடிவான பிறகு, விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது கலைஞரை அழைத்து, “அறிவியல் சம்பந்தமாக ஏதாவது செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு, ஒத்திகையை ஓர் அறிவியலாளரும் எட்டிப் பார்க்காத ஏற்பாட்டாளர்கள் செய்த பிழை அது. 2008 முதல் நடக்கும் ‘முனைவர் ஆய்வை ஆடிக் காட்டுங்கள்’ என்ற பன்னாட்டுப் போட்டியில், ஆய்வு செய்தவரே நடனத்தில் பங்கேற்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. தம் ஆய்வைத் தம் உடம்பால் விளக்க வேண்டியவர் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று யோசித்தே தீர வேண்டும்.

நம் கலைகளில் இதற்கு இடம் இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலிருந்து புதுக்கோட்டை வரை கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று நிலவு சூரியனை முழுதாக மறைக்காமல் ஒரு நெருப்பு வளையத்தை ஏன் விட்டுவைத்தது என்பதைச் சொற்களால் விளக்கப் போனால் பெரியவர்களே தடுமாறுவார்கள். தோற்பாவைக் கூத்துக் கலைஞருக்கு அது அன்றாடத் தொழில். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும். திரையை விட்டு விளக்கை நோக்கி இழுத்தால் நிழல் பெருத்து, ஓரம் கலங்கும். பாவைக்குப் பதில் ஒரு சிறு வட்டத் தகட்டையும், சுடருக்குப் பதில் அதைவிடப் பெரிய உருண்டை விளக்கையும் கொடுத்து, தகட்டைத் திரையிலிருந்து மெல்ல விலக்கச் சொல்லுங்கள். நடுவிலிருக்கும் கருநிழல் சுருங்கிச் சுருங்கி ஓர் இடத்தில் மறைந்து, மங்கலான நிழல் மட்டும் எஞ்சும். அந்த மங்கலின் நடுவில் கண்ணை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குத் தகட்டைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். நிலவு பூமியிலிருந்து சற்று விலகியிருக்கும்போது கிரகணம் நேர்ந்தால் கங்கணம் ஏன் வருகிறது என்று அதன் பிறகு நீங்கள் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

உலகின் முதல் அறிவியல் திருவிழாக்களில் ஒன்று எனப்படும், ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழா 1989-இல், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலைத் திருவிழா நடந்துவந்த நகரத்தில்தான் தொடங்கியது. மேடையையும் தெருவையும் கூட்டத்தையும் கையாளப் பழகிய ஊரில் அறிவியல் வந்து இடம் கேட்டது. திருவையாறும் தஞ்சையும் சுவாமிமலையும் சூழ்ந்த உங்கள் ஊருக்கு அந்தப் பழக்கம் குறைவா? மெழுகில் உருவம் செய்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதியின் பட்டறையே ஓர் உலோகவியல் வகுப்பு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஆண்டு விழா முடிந்த பிறகு கடிதம் எழுதாமல், ஏற்பாட்டுக் குழு முதன்முறை கூடும் நாளிலேயே சென்று உட்காருங்கள். நாட்டியத்தை நீக்குங்கள் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அத்துறை அறிந்த ஒருவர் ஒத்திகையிலிருந்தே உடனிருக்க வேண்டும், நிகழ்ச்சி நடந்த நேரம் அளவுக்குக் கேள்விக்கும் நேரம் ஒதுக்க வேண்டும், மேடையிலிருந்து இறங்கும் கூட்டம் சோதனை அரங்கின் வழியாகவே வெளியேறும்படி பந்தல் அமைக்க வேண்டும் என்று கேளுங்கள். தஞ்சாவூருக்குச் சென்று மிருதங்கம் செய்பவர் ஒருவரை நீங்களே அழைத்து வாருங்கள். வாசிக்கும் வித்வானுக்குக் கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுக்கவும், அழைப்பிதழில் அவர் பெயரையும் அதே எழுத்தில் அச்சிடவும் குழுவைச் சம்மதிக்க வையுங்கள்.