தறிக்கூடத்தில் பழக்குவது பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, பயிற்றுநர் சான்றிதழ் வாங்கி மூன்று மாதம் ஆகியும் சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்த் தறிக்கூடத்தில் புதிதாக வந்த நான்கு பேரும் இழை அறுந்தால் இன்னும் முழிக்கிறார்கள், எனக்குத்தான் சொல்லிக்கொடுக்க வரவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை. நானும் அப்படி ஒரு படிப்பு முடித்தவன்தான். அங்கே மாதிரிப் பாடம் எடுத்தது யாருக்கு? கூடப் படித்தவர்களுக்கு. அவர்களுக்குத் தொழில் ஏற்கெனவே தெரியும், யாரும் தப்பாகச் செய்யவே மாட்டார்கள், அதனால் தப்பைப் பார்த்துத் திருத்துகிற பழக்கமே நமக்கு வரவில்லை. அப்புறம் அந்த வகுப்பறை அமைதி. தறி ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காதே!

அதனால் பேச்சைக் குறையுங்கள். ஒரு தறியை நிறுத்தி, நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்த இடத்தில் முடிச்சை மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள். முடிச்சின் வாலை ஒட்ட நறுக்க வேண்டும், நீளமாக விட்டால் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு மாதிரியான அச்சில் சிக்கிப் பக்கத்து இழையையும் அறுத்துவிடும் இல்லையா, அதை ஒருமுறை வேண்டுமென்றே நீளமாக விட்டு ஓட்டிக் காட்டுங்கள், பிறகு மறக்க மாட்டார்கள். அடுத்து அவர்களைச் செய்யவிட்டு, ஏன் ஒட்ட நறுக்குகிறோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். 1940களில், போர்க்காலத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைப் பழக்கியதும் இப்படித்தான்.

சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை, வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு அதுதான் கற்றுத்தந்தது. சரி, நாளைக்கு நால்வரில் ரொம்பத் தயங்குகிறவரை ஷிப்ட் தொடங்கும் முன்பே தனியாகக் கூப்பிட்டு ஆரம்பியுங்கள், எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.