பிடியில் ஆந்தைத் தலை உள்ள பழைய ரிவால்வர் என்ன விலை போகும்?

ஒஹாயோவில் தாத்தாவின் மேஜையில் கிடைத்தது, கறுப்புப் பிடியில் ஆந்தைத் தலை, நடுவில் மடங்கித் திறக்கிறது என்கிறீர்கள். அநேகமாக மாசசூசெட்ஸில் சைக்கிளும் செய்த ஐவர் ஜான்சன் கம்பெனியின் துப்பாக்கி. முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

குழலின் மேல் உள்ள காப்புரிமைத் தேதிகளில் கடைசியானதைப் பாருங்கள்; அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது. அப்புறம் பிடியின் திருகைக் கழற்றுங்கள். உள்ளே தட்டைப் பட்டை ஸ்பிரிங் என்றால், கரிமருந்து என்ற புகை கக்கும் பழைய வெடிமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடவே கூடாது. சுருள் ஸ்பிரிங் என்றால் 1909 முதல் வந்த, புகையில்லா வெடிமருந்துக்கான வடிவம். அங்கேயே இடப்பக்கச் சட்டத்தில் வரிசை எண்ணும் இருக்கும். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதென்று அதை வைத்துத் தெரிந்தால், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அது பழம்பொருள். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

சரி, விலை? ஏமாற்றம்தான். லட்சக்கணக்கில் செய்து மலிவாக விற்ற சரக்கு. சில நூறு டாலரைத் தாண்டுவது அபூர்வம். நிக்கல் முலாம் உரிந்து, பிடி உடைந்திருந்தால் இன்னும் இறங்கும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், இருக்கிற மதிப்பும் போய்விடும். 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டது இதே கம்பெனியின் .32 அளவு ரிவால்வர்தான், அந்தக் கதையைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.