நான்கு நாள் நின்றால் படுத்துவிடும் ஸ்போர்ட்ஸ் கார்: மாட்யூலை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"அண்ணே, ஐந்து மாதத்துக்கு முன் கார் விற்பனைக் கடை ஒன்றில் ஏழு வயதான ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டு கதவு, கூரை திறக்கும். புளோக்குக்குக் கீழே மரத்தடியில் நிறுத்துகிறேன். சனி, ஞாயிறில்தான் ஓட்டுவேன். இரண்டாம் மாதத்திலிருந்து தொல்லை. ஒருநாள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, இன்னொரு நாள் ஏர்பேக் விளக்கு. பெருமழைக்கு மறுநாள் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கி நிற்கிறது. நான்கைந்து நாள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி காலி. பேட்டரி மாற்றியாச்சு, ஆல்டர்னேட்டரும் மாற்றியாச்சு. இப்போது வேறொரு ஒர்க்‌ஷாப்பில் 3,800 வெள்ளிக்கு மாட்யூல் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா, இல்லை விற்றுவிடட்டுமா?"

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு செலவு செய்திருக்கிறீர்கள், ஆனால் இத்தனை வோல்ட், இத்தனை மில்லிஆம்பியர் என்று ஒரு எண்ணைக்கூட யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அளக்காமலே பேட்டரி போனது, அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் அளக்காமலே போனது. மாட்யூலையும் அப்படி மாற்றினால் ஒரு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் அடுத்த மழைக்கு மறுபடி விளக்கு எரியும். இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் வயரிங் வேலையில் இருக்கிறேன். இந்தக் கதையை நிறையப் பார்த்தாயிற்று.

நாலு இடத்தில் கோளாறு என்றால் நாலு பாகம் கெட்டுவிட்டதாகத்தான் தோன்றும். உங்கள் காரில் ஏபிஎஸ், ஏர்பேக், கதவுக் கண்ணாடி, கூரை எல்லாவற்றுக்கும் தனித்தனி கண்ட்ரோல் பெட்டி உண்டு, மாட்யூல் என்பது அதைத்தான். அவை கேன் பஸ் என்ற இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய முறை இது. ஒவ்வொரு பெட்டிக்கும் 12 வோல்ட் ஒழுங்காக வந்து, எர்த் வழியாக, அதாவது காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரி மைனஸுக்கு, ஒழுங்காகத் திரும்பிப் போக வேண்டும். அதில் எங்காவது ஓரிடம் ஆட்டம் கண்டால், எந்தப் பெட்டி முதலில் தடுமாறுகிறதோ அதன் விளக்கு எரியும். இன்றைக்கு ஏபிஎஸ், நாளைக்கு ஏர்பேக் என்று மாறி மாறி வருவது அதனால்தான். பெட்டிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கடிதத்தில் என் கண்ணில் பட்டது இரண்டு சொல்தான்: "பெருமழைக்கு மறுநாள்", "மரத்தடியில்".

போன வடகிழக்குப் பருவமழை நேரத்தில் காக்கி புக்கிட்டில் என்னிடம் இதே மாதிரி ஒரு கார் வந்தது. உரிமையாளர் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார். ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்துதான் இருந்தது. கம்பளத்துக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கும். அதை உள்ளங்கையால் அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. அந்த ஈரத்துக்குள்ளே ஒரு கனெக்டர் கிடந்தது. கழற்றினால் மூன்று பின்னில் பச்சைப் பொடி. தேய்க்காமல் விட்ட குத்துவிளக்கில் களிம்பு ஏறுமே, அதே பச்சை. அந்தக் களிம்பு மின்சாரத்தை ஒரு சமயம் விடும், ஒரு சமயம் விடாது. காலையில் பழுது, மதிய வெயிலில் கார் காய்ந்ததும் சரி. மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ஒன்றுமே இருக்காது. உங்களுக்கும் இப்படித்தானே நடக்கிறது?

கூரை மடங்கி உட்காரும் குழியின் மூலைகளில் வடிகால் துளை இருக்கும், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் காருக்கு அடியில் போய்த் திறக்கும். கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழேயும் இப்படி வழி உண்டு. நம் ஊர்க் கார் நிறுத்துமிடங்களில் நிழல் தருபவை பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரமும் அங்சானாவும். தூங்குமூஞ்சியின் சிற்றிலை அளவில் அந்தத் துளைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நாலைந்து மாதம் சேர்ந்தால் மண்ணோடு கலந்து அடைத்துவிடும். அப்புறம் மழைத் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். இது உங்கள் காரின் தனிக்குறையும் இல்லை. பி.எம்.டபிள்யூ இசட்4 முதல் தலைமுறையில் வடிகால் அடைத்தால் மூழ்குவது கூரை மோட்டார். போர்ஷே பாக்ஸ்டர் முதல் தலைமுறையில் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி. உங்கள் காரில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். கூரையைப் பாதி திறந்து, மூலைத் துளையில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில விநாடியில் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை வாங்கி நுனியை மழுக்கி மெல்ல விட்டு எடுத்தால் அடைப்பு வரும். காற்றழுத்தம் வைத்து ஊதாதீர்கள், குழாய் உள்ளே கழன்றுவிட்டால் வேலை பத்து மடங்காகும். ஸ்பாஞ்ச் நனைந்திருந்தால் அதை வெளியே எடுத்துத்தான் காயவைக்க வேண்டும். ஏர்கான் போட்டு ஓட்டினால் காயும் என்று சிலர் சொல்வார்கள். நம் ஈரக்காற்றில் அது காயாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

சரி, பேட்டரி ஏன் காலியாகிறது? பூட்டிவிட்டுப் போனபின் காரிலுள்ள பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கும். எல்லாம் தூங்க 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதன்பிறகு கார் எடுக்கும் மின்சாரம் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். 70 ஆம்பியர்-மணி பேட்டரி பாதிக்கு இறங்கவே ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதே கார் 500 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகும். மூன்றே நாளில் பாதி காலி, ஐந்தாம் நாள் டிக் டிக் என்ற சத்தம்தான் வரும். உங்கள் கார் படுக்கும் வேகத்தைப் பார்த்தால் இழுப்பு இந்த அளவில்தான் இருக்கிறது. புதுப் பேட்டரி போட்டும் தீராததற்குக் காரணம் இதுதான். அது ஓட்டைக் குடத்தில் புதுத் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இதை அளக்கும்போது மெக்கானிக்குகளே ஒரு தவறு செய்வார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அளப்பார்கள், கார் விழித்துக்கொண்டிருக்கும், கிடைக்கும் எண் பொய். பானெட் பூட்டின் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் 'க்ளிக்' என்று அமுக்கினால் கார் பானெட் மூடியதாக நினைத்துக்கொள்ளும். முடிந்தபின் மறக்காமல் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் மூட வேண்டும். சாவியைத் தூரத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஃபியூஸைப் பிடுங்காமல், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிக்கு நடுவே மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். சுழியத்தில் நில்லாமல் எண் காட்டும் ஃபியூஸ் வழியாக மின்சாரம் போகிறது. பிடுங்கிப் பிடுங்கிப் போட்டால் தூங்கிய பெட்டி விழித்துக்கொள்ளும், சில சமயம் பழுதே மறைந்துவிடும்.

என் அனுபவத்தில் முதல் சந்தேகம் நனைந்த பெட்டி. ஈரத்தில் அது தூங்கவே தூங்காது. அடுத்தது பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம். வாரம் இரண்டு நாள் ஓடும் காருக்கு அது சுமை. ஒரு வாரம் கழற்றிவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்றாவது, முந்திய உரிமையாளர் மாட்டிய அலாரம், ஆம்ப்ளிஃபையர். கம்பியைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வைத்து மின்சாரம் எடுத்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள், அது கம்பியின் இழைகளை அறுத்து ஈரத்தை உள்ளே விடும். சாலைக் கட்டணம் கழிக்கும் ஈஆர்பி கருவியை மட்டும் நீங்களோ தெரிந்த மெக்கானிக்கோ கழற்ற வேண்டாம். அது நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பின் வேலை.

சிம் லிம் டவரில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று எண் எனக்கு வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற காரில் பேட்டரி எத்தனை வோல்ட்: 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும் அந்தக் கணத்தில் எவ்வளவு இறங்குகிறது: 9.6க்குக் கீழே போகக்கூடாது. எஞ்சின் ஓடும்போது எவ்வளவு: பொதுவாக 13.8 முதல் 14.7 வரை. கூடவே, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையோ அதன் போல்ட்டோ களிம்பேறி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் பேட்டரி பின்பக்கத்தில் இருக்கும், கம்பி நீளம் அதிகம், அதனால் இதை விட்டுவிடக்கூடாது. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்துவிடலாம்.

ஸ்கேன் செய்தால் வரும் பழுதுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை (code), அழிக்கும் முன் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். 'யூ' எழுத்தில் தொடங்கும் கோடுகள் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போனதைச் சொல்பவை. குறைந்த வோல்ட்டேஜ் கோடு கூடவே இருந்தால் மற்றவை அதன் பிள்ளைகள். மாட்யூல் போய்விட்டது என்று சொல்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அதற்கு மின்சாரமும் எர்த்தும் சரியாக வருவதை அளந்தீர்களா? பதில் இழுபட்டால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள். பழுது கண்டுபிடிக்கும் நேரத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள். மூன்று மணி நேரக் கூலி 3,800 வெள்ளியைவிட எவ்வளவோ குறைவு.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் முதலில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அதற்கு நாள் கணக்கு உண்டு. எல்லாரும் 'லெமன் லா' என்று சொல்லும் சட்டப்பிரிவு 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. பழைய கார்களுக்கும் பொருந்தும். காரைப் பெற்று ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பெற்ற நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து விற்பவர் பெயர் என்ன என்று பாருங்கள். கடையின் பெயர் இருந்தால் நல்லது. தனிநபர் காரைக் கடை விற்றுக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். கடை விற்றதுதான் என்றால், முதல் விளக்கு எரிந்த தேதி, ரசீதுகள், விளக்கெரிந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்து இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். பழுதுபார்க்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதனால் அவர்கள் பதில் வரும்வரை வேறெங்கும் காரைப் பிரிக்க விடாதீர்கள். நியாயமான நேரத்தில் சரிசெய்யாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். இழுத்தடித்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரையிலும் விசாரிக்கும்.

விற்பதைப் பற்றி: காரை வைத்திருக்க உரிமை தரும் சிஓஇ சான்றிதழ் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பழுதோடு விற்றால் அதற்கேற்ற விலைதான் கிடைக்கும், மறைத்து விற்க நீங்கள் விரும்பமாட்டீர்கள். அடைபட்ட வடிகாலும் களிம்பேறிய கனெக்டரும்தான் காரணம் என்றால் சில நூறு வெள்ளியில் முடியும் வேலைக்காக ஆசைப்பட்டு வாங்கிய காரை விடாதீர்கள். தண்ணீர் பல பெட்டிகளுக்குள் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் பதிவை ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, பழுதுச் செலவையும் பக்கத்தில் எழுதிவைத்து முடிவெடுங்கள்.

அதுவரை மரத்தடியை விட்டுக் கூரையுள்ள பல மாடி நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே சார்ஜர் செருக வழியில்லை, அதனால் வாரம் இரண்டு தடவை நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமே திரும்ப வராது, அப்படி ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட. ஜோகூர் பாரு பயணம் வேண்டாம். மலேசிய எல்லைப் பாலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும்போது ஏர்கானும் ஃபேனும் சேர்ந்து இழுக்கும், அந்த நேரத்தில் கார் நின்றால் பெரும்பாடு.

கடைக்குக் கடிதம் போனபின், அந்த மூன்று எண்களையும் குவளைத் தண்ணீர் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். அடுத்து எந்தக் கனெக்டரைத் திறக்கச் சொல்வது என்று அப்போது சொல்கிறேன்.