நஞ்சராயன் குளமும் நம் வட்டாரத்து நீர்நிலைகளும்: பறவை நோக்குவோர் கேள்வி பதில்

கேள்வி (அவிநாசி): ஐயா, திருப்பூர் அருகிலுள்ள நஞ்சராயன் குளத்துக்கு எந்த மாதத்தில் வருவது நல்லது?

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பொறி உள்ளான் போன்ற வலசைப் பறவைகளை அப்போதுதான் பார்க்க முடியும். விடிந்ததும் வந்து, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பார்த்து நில்லுங்கள். கூடுகளை நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): குளத்துக்கு நீர் கொண்டுவரும் நல்லாற்றில் சாக்கடைதான் கலந்து வருகிறது. ஆனாலும் குளத்தில் பறவைகள் நிறைந்திருக்கின்றன. அப்படியானால் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: பறவைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நீரின் நலத்தைக் கணிக்கக் கூடாது. கழிவுநீரோடு வரும் ஊட்டங்களால் பாசியும் சேற்றுப்புழுக்களும் பெருகுகின்றன. அழுக்கைத் தாங்கும் ஜிலேபி கெண்டை கொழிக்கிறது. கோடையிலும் குளம் வற்றுவதில்லை. இரை எளிதில் கிடைப்பதால் நாமக்கோழியும் நீர்க்காகமும் கொக்கும் கூடுகின்றன. எத்தனை பறவைகள் என்பதோடு எத்தனை வகைகள், அவற்றுள் தெளிந்த நீரையும் நீர்த்தாவரங்களையும் நம்பி வாழ்பவை எவை என்றும் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிவிட்டால் அடியில் ஒளியும் உயிர்வளியும் குறைந்து மீன்கள் சாகும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டிவந்த அளவுக்கு, நல்லாறு போய்ச் சேரும் நொய்யல் ஆறு கெட்டிருந்ததை நாம் மறக்கலாகாது. 2022-இல் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தலமாகவும் (உலக அளவில் முக்கியமான நீர்நிலை) இக்குளம் அறிவிக்கப்பட்டது பெருமைக்குரியதுதான். ஆனால் அறிவிப்பு மட்டும் நல்லாற்றைத் தூய்மையாக்கிவிடாது.

கேள்வி (பல்லடம்): அண்ணா, எந்த மாதம் வரலாம்?

பதில்: முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவர்): வரித்தலை வாத்து உண்மையிலேயே இமயமலையைத் தாண்டித்தான் வருகிறதா?

பதில்: ஆம், தம்பி. மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டு நிலத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது கருவிகள் மூலம் பதிவாகியுள்ளது. அதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் மெல்லிய காற்றிலிருந்தும் உயிர்வளியை இறுகப் பற்றும் தன்மையுடையது. அவ்வளவு தொலைவு வந்த பறவையை, பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து கிளப்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்; செய்பவரைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி (ஊத்துக்குளி, விவசாயி): குளத்தை முழுவதும் ஆழப்படுத்தினால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், ஆழ்துளைக் கிணறுகள் ஊறும், வண்டல் எங்கள் தோட்டத்துக்கு உரமாகும். பறவைகளுக்காக இதை ஏன் எதிர்க்கிறீர்கள்?

பதில்: தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை, குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதைத்தான் எதிர்க்கிறேன். நம் முன்னோர் வெட்டிய குளத்தில் கரையும் மதகும் உள்ள பக்கம் ஆழமாக இருக்கும். நீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் மெல்லச் சரிந்து மேடேறும். உள்ளான்களும் பவளக்காலிகளும் இரை தேடுவது கணுக்காலளவு நீரிலும் ஈரச்சேற்றிலும்தான். தலையை முக்கி மேயும் வாத்துகளுக்கும் முழங்காலளவு நீர் போதும். அந்தச் சரிவை வெட்டி எடுத்துவிட்டால் மூழ்கி இரை பிடிக்கும் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் மட்டுமே அது குளமாக இருக்கும். மதகை ஒட்டிய பகுதியிலும் நடுவிலும் கோடையில் வண்டலை அள்ளுங்கள், உள்வாயை விட்டுவிடுங்கள். உங்கள் தோட்டத்துக்கு வண்டல் கிடைக்கும், பறவைக்கும் இடம் இருக்கும்.

அதே விவசாயி: உள்வாயை மேடாகவே விட்டுவைத்தால் நாளைக்கு யாராவது அதை வளைத்துப்போட மாட்டார்களா?

பதில்: நியாயமான அச்சம். அதற்கு வழி, அளந்து எல்லைக்கல் நடுவதும் வரத்து வாய்க்காலைக் காப்பதும்தான்.

கேள்வி (கோவை): நான் இதை ஏற்கவில்லை. சுற்றிலும் கல் பதித்து நடைபாதையும் விளக்கும் அமைத்தால் மக்கள் தினமும் வருவார்கள். மக்கள் வரும் குளத்தைத்தான் யாரும் ஆக்கிரமிக்க மாட்டார்கள்.

பதில்: மக்களின் கண் குளத்தின் மேல் இருக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், கோவைக் குளங்களில் தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் இறங்கி வேலை செய்ததால்தான் பல இடங்கள் மீண்டன. ஆனால் நடைபாதை கரைமேல் ஒரு பக்கம் இருந்தால் போதும். நாற்புறமும் செங்குத்தாகக் கல் பதித்தால் கோரையும் சம்பும் வளர இடமிருக்காது, தாழைக்கோழி கூடு கட்ட இடமிருக்காது. இரவில் விளக்கு எரிந்தால் அடையும் பறவைகள் கலைந்துபோகும். மனிதருக்கு ஒரு கரையை ஒதுக்கிவிட்டு மூன்று கரைகளைக் குளத்துக்கே விடுங்கள்.

கேள்வி (ஈரோடு): வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கருவேல மரங்களை எல்லாம் வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். நாட்டுக்கருவேலம் வேறு, சீமைக்கருவேலம் வேறு. நீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்கள் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்ட ஏற்றவை. சீமைக்கருவேலத்தையும் கூடு இருக்கும் பருவத்தில் தொடக் கூடாது. மாற்று மரங்கள் வளர வளரச் சிறிது சிறிதாகத்தான் அகற்ற வேண்டும். மீண்டும் சொல்கிறேன், கூடுகளை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்துபோன சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிச் செல்லும்.

கேள்வி (காங்கயம்): ட்ரோன் கொண்டு வரலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (தாராபுரம்): காயம்பட்ட நாரை ஒன்று எங்கள் தோட்டத்தில் கிடக்கிறது. என்ன கொடுக்கலாம்?

பதில்: எதையும் ஊட்டாதீர்கள். நிழலில் அட்டைப்பெட்டியால் மூடி வைத்து, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (பெருந்துறை): சீசன் எப்போது?

பதில்: மூன்றாம் முறையாகக் கேட்கப்படுகிறது. மேலே படியுங்கள்.

கேள்வி (சூலூர்): பார்த்தவற்றை எப்படிப் பதிவு செய்வது?

பதில்: இ-பேர்டு செயலியில் பட்டியல் இடுங்கள், பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளுங்கள். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டு மீதியைக் கணியுங்கள். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். உள்வாயில் எவ்வளவு சேற்றுத்திடல் வெளியே தெரிகிறது என்பதைக் குறிப்புப் பகுதியில் மறக்காமல் சேருங்கள். அடுத்த முறை தூர்வாரும் பேச்சு எழும்போது அந்தக் குறிப்புகளைச் சான்றாகக் காட்டலாம்.